நூற்றுப் பதினான்கு

முதுநகரில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தில்
மூன்றடி கரிச்சேறு, ஓரடி சிப்பி,
அதற்கும் கீழே நீலம்.

பேனா மை நீலமில்லை.
சொட்டு நீலம் அதிகமாகி
வேட்டி மடிப்பில் தங்கிவிடுமே, அது.

ஒவ்வொரு பீங்கான் துண்டையும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து
எண் போட்டு, அளவெடுத்து வரைவது என் வேலை.
தினக்கூலி. பென்சில் மட்டும் சர்க்காருடையது.

முப்பத்தொன்று: பாதிப் பாலம். ஏறலாம், இறங்க முடியாது.
எழுபது: தொப்பி மட்டும்.
எண்பத்தாறு: ஏதோ பூ. தாமரை என்று எழுதி, அடித்துவிட்டேன்.
நூற்றுப் பதினான்கு: கொக்கு.
ஒரு கால் இருக்கிறது. மற்றது
உடைப்போடு போயிருக்க வேண்டும்.

இருப்பதைக் கோடாக வரை,
இல்லாததைப் புள்ளியாக வை என்பது விதி.
கொக்குக்கு இன்னொரு கால் வைத்தேன்.
ஏழு புள்ளி.

மத்தியானம் டிபன் பாக்ஸ் கழுவி வந்து எண்ணினால்
நூற்றுப் பதின்மூன்றுக்கு அடுத்து நூற்றுப் பதினைந்து.
ஜே.சி.பி. தணிகாசலம் கையை விரித்தார்.

சோனகர் தெரு முனையில்
செங்கல்லால் கிழித்த எட்டுக் கட்டம்.
ஐந்தாவதில் மல்லாந்து கிடந்தது என் கொக்கு.
ஓட்டுச்சில்லு துள்ளிவிடுமாம்.
இதுதான் சொன்ன இடத்தில் உட்காருமாம்.

"குடும்மா, ஆபீஸ் சாமான்."
ஜுலைகா அதை எடுத்து நெற்றியில் வைத்து
வானத்தைப் பார்த்து நடந்தாள்.
"ரைட்டா?"
"ரைட்டு" என்றது தெரு.

எந்தக் கப்பலிலோ வைக்கோலுக்குள் படுத்து
புயலுக்குத் தப்பி, எலிக்குத் தப்பி,
கரையேறிய பிறகு
யார் வீட்டுச் சண்டையிலோ உடைந்தது
ஒரு பிள்ளையின் புருவத்துக்கு மேலே
கோடு மிதிக்காமல் போய்க்கொண்டிருந்தது.

மறுபடி கேட்டேன்.
தரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.
நிஜமாகவே. ஆறாம் கட்டம்,
அடுத்த காலை ஊன்றினால் அவுட்.
மடக்கிய கால்
பச்சைப் பாவாடைக்குள் எங்கோ இருந்தது.

பள்ளத்துக்குத் திரும்பி ரப்பரைத் தேடினேன்.
ஏழு புள்ளியும் போயின.
தாளில் கொஞ்சம் அழுக்கு நின்றுவிட்டது.

ரிஜிஸ்டரில் 'நிலை' என்ற பத்தியில்
மேலிருந்து கீழ்வரை
உடைந்தது, உடைந்தது, உடைந்தது.
நூற்றுப் பதினான்குக்கு நேரே
'உபயோகத்தில் உள்ளது' என்று எழுதினேன்.

அதிகாரி வெள்ளிக்கிழமை வருகிறார்.