முட்டிப் பலகை

ஞாயிறு காலை ஏழரை. லோரோங் கூலிட் சந்தை.
பழைய மின்விசிறிகளுக்கும்
வாயடைத்த வானொலிகளுக்கும் நடுவே
சாய்த்து வைத்திருந்தார்கள் அதை.
ஆரஞ்சு நிறம். வெயில் தின்ற முதுகு.
முட்டி இரண்டுக்கும் மெத்தையில் இரண்டு பள்ளம்.

யாரோ ஒருவர் அதில்
இன்னும் மண்டியிட்டிருந்தார்.
என்னைவிடக் கனமானவர்,
இடப்பக்கம் கொஞ்சம் சாய்பவர்.

பாயான் லெப்பாஸில் பதினோரு ஆண்டாகச்
சில்லுகளில் கீறல் தேடுகிறவள் நான்.
பார்த்ததும் நம்புகிற பழக்கம் போய்விட்டது.
பலகையைத் தூக்கிக் காதருகே குலுக்கினேன்.
உள்ளே தண்ணீர்ச் சத்தம் இல்லை.
விரல் மடக்கி, பலாப்பழம் தட்டுவதுபோல
மூக்கிலிருந்து வால்வரை தட்டிக்கொண்டே போனேன்.
ஓரிடத்தில் குரல் மாறியது.
மெத்தையின் பசை அங்கே விட்டிருக்கிறது.
"எண்பது வெள்ளி" என்றார் ஆ ஹூவாட்.
குரல் மாறிய இடத்தை அவருக்கும் தட்டிக் காட்டினேன்.
அறுபதானது.

கூட வந்த குணமலர் சிரித்தாள்:
"பள்ளிக்கூடத்துல காசில்லாமலே முட்டி போட்டோமேடி!"
போட்டோம்தான். சிமெண்டுத் தரை.
மெத்தை எத்தனை விரல் தடிப்பு வேண்டும் என்று
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

பட்டையில்தான் நின்றுவிட்டேன்.
தொடைமேல் குறுக்கே இறுக்கும் பட்டை,
நாலு விரல் அகலம்,
ஒட்டும் பக்கமெல்லாம் மணலும் நாய் மயிரும்.
சந்தை நடுவே செய்தித்தாள் விரித்து
பலகைமேல் மண்டியிட்டுக் கட்டிக்கொண்டேன்.
ஸ்பானர் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.
இறுகுகிறதா என்பது பாதிக் கேள்வி.
கண்ணை மூடி, மூச்சை நிறுத்தி,
தலைகீழாகக் கிடப்பதாக நினைத்துக்கொண்டு
ஒரே இழுப்பு.

வரவில்லை.

இரண்டாம் இழுப்பில் வந்தது.
தண்ணீருக்கடியில் இரண்டாம் இழுப்பு
எவ்வளவு தூரத்தில் இருக்கும்?

பலகையை எடுத்துக்கொண்டேன்,
பட்டையை ஆ ஹூவாட்டிடமே விட்டுவிட்டு.
புதுப் பட்டை, தஞ்சோங் தோக்கோங் கடையில், எழுபது வெள்ளி.
பலகையைவிடப் பத்து அதிகம்.
விலை பேசவில்லை.

கயிறு மஞ்சளாக, மிதப்பதாக, நீளாததாக.
மீன்பிடிக் கயிறே போதும் என்றார் படகுக்கார ரொஸ்லி.
அது ரப்பராய் இழுபடும், கைவிட்ட நொடியில்
பிடி என் பல்லைத் தேடி வரும் என்றேன்.
வாயைத் தடவிக்கொண்டார்.

மிதவைச் சட்டைகளில் எல்லாம் ஆண்களின் தோள்.
ஒவ்வொன்றாய் மாட்டி, குணமலரைவிட்டுத் தூக்கச் சொன்னேன்.
முதல் சட்டை காதுவரை ஏறியது.
இரண்டாவதில் நான் தரையிலேயே நின்றேன், சட்டை மட்டும் மேலே.
சிறுவர் வரிசைக் கடைசியில் கிடைத்தது எனக்கானது,
நெஞ்சில் ஒரு டால்பின் படத்தோடு.
இருந்துவிட்டுப் போகட்டும்.

தெலுக் பஹாங். மாலை நாலரை.
நாற்பது குதிரை எஞ்சின்,
விடிகாலையில் நெத்திலி, இப்போது நான்.
சொறிமீன் சீசன். கணுக்கால்வரை இறுக்கு உடை.
ரொஸ்லியின் காலடியில் ஒரு புட்டி வினிகர்.

வயிறு பலகையில், முழங்கை பலகையில்,
கயிறு விறைத்தது.
முட்டிகள் தாமாக ஏறிக்கொண்டன
வேறொருவரின் பள்ளங்களுக்குள்.
பட்டையை இழுத்து ஒட்டினேன்.
கடல் தகரமாகி
தடதடவென்று அடியில் ஓடியது.
பதினைந்து எண்ணியிருப்பேன்.
ஹோட்டல் ஜெட்ஸ்கி ஒன்றின் அலை குறுக்கே வந்தது.

பச்சை. பிறகு இருட்டு. மூக்கெல்லாம் உப்பு.
கை தேடியது.
ஒரே இழுப்பு.

டால்பின் என்னை மேலே கொண்டுவந்தது.
தூரத்தில் படகு திரும்புகிறது,
குணமலர் எழுந்து நின்று ஏதோ கத்துகிறாள்.
எட்டும் தொலைவில் பலகை, மல்லாந்து,
பள்ளம் இரண்டிலும் கடல் தளும்ப,
இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தபடி.