காற்று இருபதைத் தாண்டினால்

குளிர்சாதனப் பெட்டியின் கதவில்
மீன் வடிவக் காந்தத்துக்கு அடியில்
பதினான்கு வரிகள்.
ஜனவரி ஒன்றாம் தேதி
மூன்றாவது கோப்பை செர்ரி மதுவுக்குப் பிறகு
நானே எழுதியவை.

நீச்சல் கற்பது.
கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவது.
ஸ்வாவெக்குக்குத் தரவேண்டிய ஆறாயிரம் ஸ்வோட்டி.
பதினெட்டு வயதில் எழுதாமல் விட்ட கணிதத் தேர்வு.
குளியலறைக் குழாய்.
லுட்மிவா அக்காவிடம் பேசுவது
(இதற்கு மட்டும் ஒரு கேள்விக்குறி).
மிச்சத்தையும் சொன்னால்
எனக்கே மூச்சு முட்டும்.

மார்ச்சில் ஒரே வாரத்தில் எல்லாவற்றிலும் கை வைத்தேன்.
திங்கள் நீச்சல்குளம். செவ்வாய் இயற்கணிதம்.
புதன் பல் மருத்துவரின் வாசல்வரை.
வியாழன் இரவு
கையில் ஸ்பேனரோடு குளியலறைத் தரையில் உட்கார்ந்து
சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நானூற்று இருபதுவரை
எண்ணியது ஞாபகம் இருக்கிறது.

பிழைப்பு எனக்கு
க்டின்யா துறைமுகத்தில், நாற்பது மீட்டர் உயரத்தில்,
ஒரு கண்ணாடிக் கூண்டில்.
காலுக்கு அடியிலும் கண்ணாடிதான்.
நாலாயிரம் பெட்டிகளோடு கப்பல் வந்து நிற்கும்.
இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும்
நான் நாலாயிரத்தைப் பார்த்ததில்லை.
திரையில் ஒரு எண் வரும்.
அந்தப் பெட்டி.
நான்கு மூலையும் பூட்டிக்கொண்டால் பச்சை விளக்கு.
மலைப்பதற்கு அங்கே நேரமில்லை.

"ஒவ்வொன்றாகச் செய், அவ்வளவுதானே?"
கீழ்வீட்டு போஜெனா கேட்டாள்.
அவ்வளவு இல்லை, போஜெனா.
ஒவ்வொன்றாக எடுத்தே ஒரு கப்பலைக் கவிழ்த்துவிடலாம்.
இடப்பக்கமே எடுத்துக்கொண்டிருந்தால்
வலப்பக்கம் சாயத் தொடங்கும்.
எதை எப்போது தொடக்கூடாது என்று
யாரோ ஒருவர் இரவெல்லாம் கண்விழித்துக்
கணக்குப் போட்டிருக்கிறார், அதனால் நிற்கிறது கப்பல்.
என் பதினான்கு வரிக்கு
அப்படி யார் விழித்தார்கள்?

காற்று விநாடிக்கு இருபது மீட்டரைத் தாண்டினால்
சங்கு ஊதும்.
கையை எடுத்துவிட வேண்டும். விதி.
கம்பெனிக்கு மணிக்கு எத்தனையோ யூரோ நஷ்டம்,
ஆனாலும் ஒருவரும் அதைச் சோம்பல் என்பதில்லை.
நான் ஃப்ளாஸ்கைத் திறந்து
பீட்ரூட் சூப் குடிப்பேன்.

அக்டோபரில் அப்படியொரு காற்று.
கூண்டு ஆடிக்கொண்டிருந்தது.
சரக்குச் சீட்டின் பின்பக்கம் ஒரு கப்பலை வரைந்தேன்.
கனமானது அடியில்: கடன், மாதம் இருநூறாக.
முதலில் இறங்கவேண்டியது மேலே: பல்.
நீச்சல் ஒரு விளிம்பில்,
சாயாமலிருக்க எதிர் விளிம்பில் தேர்வு.
ஐந்துக்கு இடமே இல்லை.
இத்தாலிய மொழி, பத்து கிலோ எடைக் குறைப்பு
எல்லாம் கரையிலேயே நிற்கட்டும்,
மழையில் நனைந்தால் நனையட்டும்.

அக்காவை எங்கே வைப்பது?
எரியும் சரக்குக்கு ஒட்டுகிற
சிவப்புச் சாய்சதுரம் ஒன்றைப் போட்டு,
எதுவும் பக்கத்தில் உரசாமல்
தளத்தின்மேல் தனியே வைத்தேன்.

பல் நவம்பரில் வந்தது, இரண்டு துண்டாக.
மே மாதக் கணிதத்தில் இருபத்தெட்டு.
முப்பது எடுத்தால் தேர்ச்சி.
அந்த இரண்டை நினைத்து
பஸ்ஸில் அழுதேன், இறங்குமிடத்தைத் தவறவிட்டேன்.
மறுநாள் அதே கட்டத்தில் அதே பெட்டியை
மறுபடி வரைந்தேன்.
தண்ணீரில் மல்லாந்து பதினோரு விநாடி
மிதக்கிறேன் இப்போது.
பன்னிரண்டாவதில் யோசித்துவிடுகிறேன், மூழ்குகிறேன்.
குழாய் இன்னும் சொட்டுகிறது.
அடியில் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறேன்.

போன செவ்வாய் மறுபடி சங்கு ஊதியது.
சூப் தீர்ந்துபோயிருந்தது.
கைக்கு வேலை இல்லை.
அந்த எண் ஒன்பது வருடமாக மாறவில்லை போல,
மூன்றாவது மணியிலேயே எடுத்தாள்.

இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.
கூண்டைச் சுற்றி பால்டிக் கடல் முழுவதும்
ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

"என்னடி சத்தம் அது" என்றாள்.
"காற்று."
"ஜன்னலைச் சாத்து முதலில். சளி பிடிக்கும்."

திறக்கவே முடியாத கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு
சாத்திவிட்டேன் என்றேன்.