கடைசி நூறடி

ஜெலுத்தோங் பழைய வண்டிக் கடையில்
பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன இரண்டு பிக்கப்.
ஒன்று டீசல். சாம்பல் நிறம்.
தொட்டியில் யாரோ டுரியான் ஏற்றிய வாசம்
இன்னும் இறங்கவில்லை.
மற்றது பெட்ரோல். வெள்ளை.
டாக்டர் ஒருத்தர் ஓட்டியது என்கிறான் ஆ சூன்.
ஆ சூன் விற்கும் வண்டியெல்லாம்
டாக்டர் ஓட்டியதுதான்.

என்ன ஏற்றுவீர்கள், காக்?
நாற்காலி எண்பது, கூடாரக் கம்பி, தார்ப்பாய்,
பிறகு ஒரு குளிர்ப்பெட்டி என்றேன்.
எவ்வளவு பெரிசு என்றான்.
ஆள் படுக்கிற அளவு என்றேன்.
டுரியான் வண்டியில் ஐநூறு ரிங்கிட்
நான் கேட்காமலே குறைத்தான்.

தண்ணீர்மலையைக் கூட்டி வந்திருந்தேன்.
பானெட்டுக்குள் தலையை விட்டால்
சோற்று நேரம் மறக்கிற மெக்கானிக்.
அவன் சொன்னான்:
ஆயர் ஈத்தாம் தாண்டி பாலிக் பூலாவுக்கு ஏறும்போது
பெட்ரோல் கத்தும், கத்திக்கொண்டே குடிக்கும்.
டீசல் முனகும். ஆனால் ஏறிவிடும்.
இன்ஜெக்டர் போனால் மட்டும்
உன் வளையலைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வா.

கணக்கு நோட்டு வேறு சொன்னது.
ஒரே இரவில் டீசல் விலை ஏறிய அந்த ஜூனில்
பழைய வண்டியோடு பம்பில் நின்றிருக்கிறேன்,
பின்னால் காலிப் பெட்டி,
முன்னால் லோரி லோரியாக வரிசை.
மானியப் பாரத்தில் தொழில் என்ற கட்டத்துக்கு
என்ன எழுதுவதென்று தெரியாமல்
போக்குவரத்து என்று எழுதினேன்.
பொய்யில்லை.

இரண்டையும் ஓடவிடச் சொல்லி
பத்தடி தள்ளி நின்று கண்ணை மூடிக்கொண்டேன்.
நான் வாங்க வந்தது சத்தத்தை என்று
ஆ சூனுக்குப் புரியவில்லை.
வெள்ளை வண்டி ஓடுகிறதா என்று
அவனையே கேட்க வேண்டியிருந்தது.
சாம்பல் வண்டி
பிஸ்கட் டின்னில் ஆணி குலுக்கியது.

போன மாசியில் பார்லிமில் ஒரு வீடு.
விடிகாலை நாலு மணி, மூன்றாம் மாடி.
அந்த அம்மா கதவோரம் உட்கார்ந்திருந்தார்,
கையில் அவருடைய சீப்பு.
பதினாறு கழிந்து பாக்கிப் பணத்தோடு வந்தவர்
எண்ணி வைத்துவிட்டுச் சொன்னார்:
“டாக்டர் சொன்னப்ப நம்பல.
மகன் சொன்னப்ப நம்பல.
கீழ ஒங்க வண்டி வந்து நின்ன சத்தம் கேட்டுச்சு பாருங்க,
அப்பதான் அவரு இல்லன்னு ஆச்சு.”

குறை சொன்னாரா, நன்றி சொன்னாரா?
தலை நிமிராமல் ரசீது எழுதினேன்.
தேதியைத் தப்பாகப் போட்டிருந்தேன்,
பிறகுதான் பார்த்தேன்.

சாம்பல் வண்டியைத்தான் எடுத்தேன்.
ஆறு வருடத் தவணை.
மலைக்காக என்று ரெங்கனிடம் சொன்னேன்.
அவன் எதுவும் கேட்கவில்லை,
தொட்டி முழுக்கக் காப்பித்தூள் தூவி
இரண்டு நாள் வெயிலில் வைத்தான்.
டுரியானும் காப்பியும் சேர்ந்து
இப்போது மூன்றாவதாக ஏதோ ஒன்று மணக்கிறது.

ஒரே ஒரு சட்டம் போட்டேன்.
தெருமுனையிலேயே நிறுத்து. இன்ஜினை அணை.
கடைசி நூறடி
பெட்டியை டிராலியில் வைத்துத்
தள்ளிக்கொண்டு போவோம்.

நேற்று சுங்கை ஆராவில் அப்படித்தான் போனோம்.
நாய்கூடக் குரைக்கவில்லை.
முன்சக்கரம் ஒன்று மட்டும்
கீச், கீச் என்று
வீடு வரைக்கும் கூடவே வந்தது.

“எண்ணெய் போடணும் அக்கா” என்றான் ரெங்கன்
காதோடு.
எந்த எண்ணெய் என்று
வாய் வரைக்கும் வந்துவிட்டது கேள்வி.

வாசலில் ஒரு பையன்
கிடந்த செருப்புகளையெல்லாம்
காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான்,
எங்களுக்கு வழிவிட.