கடைமடை

சிங்கப்பூரிலிருந்து முப்பது கிலோ அனுமதி.
அதில் இருபத்திரண்டு இந்த இயந்திரம்.
தைலமும் சாக்லேட்டும் எதிர்பார்த்திருந்த
கூத்தாநல்லூர் வீட்டில்
மச்சான் ரஹ்மத்துல்லாவிடம்
அன்றைக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எனக்குத்தான் பெருநாள்.

பதினெட்டு கிராம் தூள்.
அடகுக்கடைத் தராசை இரவல் வாங்கி நிறுத்தேன்.
அரைவையை ஒரு பல் இறுக்கினால்
மூச்சடைத்துச் சொட்டுகிறது.
ஒரு பல் தளர்த்தினால்
மடை உடைந்தாற்போல் பத்தே நொடி.
புளிப்பு; கொட்டினேன்.
கசப்பு; கொட்டினேன்.
பக்கத்தில் நின்று ஜமீலா எண்ணினாள்,
நொடிகளை அல்ல,
கொட்டைக்குக் கொடுத்த காசை.

போர்த்தண்ணீர் உப்புப் படியுமென்று கேன் தண்ணீர்.
ஃப்ரிட்ஜில் இருந்த ஸ்டெபிலைசரையும்
கழற்றி மாட்டியாயிற்று.
அப்படியும் ஒன்பதுக்கு வரவேண்டிய முள்
ஆறில் நின்று நடுங்கியது.

எலக்ட்ரீஷியன் செல்வகணபதி வந்தார்.
மூடியைத் திறக்கவில்லை,
ஜன்னலைத் திறந்தார்.
"கேக்குதா பாய்?
குறுவை நடவு. வெண்ணாத்துக்கு இந்தப் பக்கம்
அத்தனை மோட்டாரும் ஓடுது.
உங்க காப்பி கடைமடை."

இப்போதெல்லாம் மூன்று மணிக்குத்தான்.
மோட்டார்கள் ஒவ்வொன்றாய் ஓயும்.
குழல்விளக்கு கண்சிமிட்டி நிமிரும்.
ஏழு.
எட்டரை.
எலிவால் கனத்தில், தேன் நிறத்தில்
இறங்குகிறது.
ஜமீலாவும் கோப்பையை நீட்டுகிறாள்,
அடியில் ஏற்கெனவே
மூன்று ஸ்பூன் சர்க்கரை.

மச்சான் போன் போட்டுக் கேட்டார்,
மெஷின் எப்படி என்று.
பச்சை பிடிச்சிருச்சு என்றேன்.