மூன்றாம் குழாய்

எழுபத்தாறாம் வருஷத்து பென்ஸ்.
வண்டி வெளியே புளியமரத்தடியில், பானெட் திறந்தபடி.
பம்ப் மட்டும் உள்ளே, என் பெஞ்சில்.
"மூணு எடத்துல காட்டியாச்சுங்க,
பம்பே போச்சுன்னுட்டாங்க" என்றார் சென்னியப்பன்.
ஈய சீல் இருந்த இடத்தில்
மூன்று ஸ்பேனர்களின் பல்தடம்.

கணபதியில் அன்று கரண்ட் இருந்தது. ஓட்டினேன்.
நாலு கண்ணாடிக் குழாயில் டீசல் ஏறுகிறது.
ஒன்று, இரண்டு, நான்கு ஒரே கோட்டில்.
மூன்று மட்டும் ஒரு விரற்கடை கீழே,
கடன் கேட்க வந்தவன்
வாசலிலேயே நிற்பதுபோல.

பிளஞ்சரைச் சந்தேகப்பட்டேன்.
கழற்றினால் கண்ணாடி, ஒரு கீறல் இல்லை.
டீ ஆறிவிட்டது.
டெலிவரி வால்வை லென்ஸுக்கடியில் வைத்தேன்.
சீட்டிங்கில் ஓர் இழை,
இமைமுடியைவிட மெல்லிசு,
ரோஸ் கலர்.

"என்னதுங்க?"
"நூலுங்க."
குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.
"நாப்பதாம் கவுண்ட். எங்க கட்டிங் வேஸ்ட்டுங்க.
ஒர்க்‌ஷாப்புக்கெல்லாம்
சும்மாதான் குடுத்துட்டு வர்றேன்."

கழுவி மாட்டியதும்
நாலும் ஒரே கோட்டுக்கு வந்தன;
கோடுதான் ஏறிப்போயிருந்தது.
மூன்று பேர் திருகியதையும்
கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி,
புது ஈயம் வைத்து அமுக்க
மத்தியானம் ரெண்டரை.

பம்ப்பை ஏற்றி, காற்றெடுத்து,
சாவி போட்டார்.
முதல் சுற்றிலேயே பிடித்தது.
புகை கொஞ்சம், அதுவும் அடங்கியது.

டிக்கியைத் திறந்து
கட்டுப் பிரிக்காத பனியன் வேஸ்ட் நீட்டினார்,
கை துடைக்க.

சட்டையில் துடைத்துக்கொண்டேன்.