பத்தொன்பது வோல்ட்

பம்பில் எழுதியிருந்தது பன்னிரண்டு.
நாங்கள் கொடுத்தது பத்தொன்பது,
செத்துப்போன லாப்டொப் ஒன்றின் சார்ஜரிலிருந்து.

மல்லாவியில் ஆடி மாதம்.
கச்சான் காற்று கதவைப் பிடித்து உலுப்புகிறது.
விடியக் கொடுக்கவேண்டிய கலியாண வீடியோ
அறுபத்தெட்டு வீதத்தில் அரக்கி அரக்கி ஊர்கிறது,
தாலிகட்டுக்குச் சற்று முன்னால்.
கணினிக்குத் தொண்ணூற்று நாலு பாகை.

"எரிஞ்சா எரியட்டும்" என்றான் கபிலாசன்.
வயரை முறுக்கி ரேப் சுற்றினான்.

முதலில் ஒரு விம்மல்.
பிறகு தகரப் பேணிக்குள் குளவி.
குழாயில் குமிழிகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின.
தொண்ணூற்று ஒன்று.
ஏழு வோல்ட்டுக்கு மூன்றே மூன்று பாகை!
பம்பைத் தொட்ட கபிலாசன்
காதுமடலைப் பிடித்துக்கொண்டான்.

தண்ணீரை விரட்டியவர்கள்
அது எங்கே போய் ஆறுகிறதென்று பார்க்கவில்லை.
ரோச் அடித்தேன்.
ரேடியேற்றர் தகடுகளுக்குள்
மாங்குளம் றோட்டுச் செம்புழுதி,
சூளைக்குப் போகாத செங்கல்லாய்.

பழைய பல்துலக்கும் பிரஷ், அரை மணித்தியாலம்.
எழுபத்தெட்டு.

சார்ஜரைக் கழற்றினோமா என்றால், இல்லை.
குளவிச் சத்தத்துக்குள் இருந்தபடி
பொம்பிளையின் கழுத்தில் தாலி ஏறும்வரை
தேத்தண்ணி குடித்தோம்,
ஒருவர் சொன்னது ஒருவருக்குக் கேளாமல்.