வாடகைத் தட்டு முப்பது

ஷாமியானா கடைக்காரர் எண்ணிக் கொடுக்கும்போதே சொன்னார்:
'முப்பது. ஒண்ணு கொறஞ்சாலும் நூத்தியிருவது.'
மணலி யார்டு வாசலில்
உள்ளே போகும் கண்டெய்னருக்கு எண் எழுதுகிறவள் நான்.
எண்ணிக்கையில் பயமில்லை.
உப்பில்தான் பயம்.

பத்தொன்பது கிறிஸ்துமஸ் ராத்திரி
கல்மண்டபத்தில், ஜெனோவா அண்ணி வீட்டில்.
இந்த வருஷம் அந்த வீடு செங்கல்லாய்க் கிடக்கிறது,
புதுசு எழும்ப இன்னும் பதினாறு மாசமாம்.
குடும்ப வாட்ஸப்பில் ஆளுக்கொரு காரணம்:
பெரம்பூரில் தண்ணி வராது,
எண்ணூருக்கு யார் போவது,
சவரி சித்தப்பாவுக்கு மூட்டுவலி.
என் விரல்தான் தட்டியது, 'எங்க வீட்டுக்கு வாங்க.'
அனுப்பிய பிறகுதான்
வீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு, மூணாவது மாடி.
கட்டிலை எடுத்தால் ஹாலில் ஒன்பது பேர் உட்காரலாம்.
எடுத்த கட்டிலை எங்கே வைப்பது?
(மொட்டைமாடியில் வைத்தோம்.
பசங்க ஏறிக் குதித்ததில் ஒரு கால் போனது. அது பிறகு.)

காசிமேட்டில், விடிந்தும் விடியாமல்,
வஞ்சிரத்துக்கு விலை கேட்டேன்.
மீன்காரி என் முகத்தைப் பார்த்தாள், மீனைப் பார்க்கவில்லை.
'மொத தபாவா?' என்றாள்.
சங்கரா வாங்கிக்கொண்டு வந்தேன்.

எதிர்வீட்டு தில்ஷாத் அண்டா கொடுத்தாள்,
அண்டாவோடு தானும் வந்தாள்.
'தம்மைத் தொறந்து தொறந்து பாக்காதடி,
அது இன்னா ஓடியா பூடும்?'
அவள் அந்தப் பக்கம் போனதும்
திறந்து பார்த்தேன்.

ஏழு பத்து. எண்ணூர் வண்டி உள்ளே.
உருப்படி ஆறு, கேக் ஒன்று, சேதாரம் இல்லை.
ஏழு இருபத்தைந்து. சவரி சித்தப்பா,
மாடிக்கு மாடி நின்று,
மாடிக்கு மாடி என் கணவனைத் திட்டியபடி.
ஏழு நாற்பதுக்குமேல் எழுதுவதை விட்டுவிட்டேன்.
செருப்புகள் இரண்டாவது மாடிவரை இறங்கியிருந்தன.

ஜெனோவா அண்ணி கடைசியில் வந்தார்.
நேராக அடுப்படி வாசலில் வந்து நின்று
முந்தானையை இடுப்பில் சொருகினார்.
'இன்னா செய்யணும்?'
'ஒண்ணுமில்ல அண்ணி. குந்துங்க.'
விருந்தாளியாய் உட்கார அவருக்குத் தெரியவில்லை.
நாற்காலி நுனியில்,
அடுத்த ஸ்டாப்பில் இறங்கப்போகிறவர்போல.

மீன் இரண்டாவது ஈடு போட்டபோது
கேஸ் தீர்ந்தது.
நான் சிலிண்டரைப் பார்த்தபடி நின்றேன்.
அண்ணி பாதி எழுந்தார்.
தில்ஷாத்தின் சிலிண்டரை அவள் மகனும் என் மகனும்
அதற்குள் உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்,
தரை முழுக்க இடி.
அண்ணி திரும்ப உட்கார்ந்தார். இந்த முறை சாய்ந்து.

ஒன்பது பேர் ஹாலில், பதினொருவர் வராந்தாவில்,
மிச்சம் படிக்கட்டில் தட்டோடு.
பிலவேந்திரன் மாமா முதல் வாய் வைத்தார்.
மென்றார்.
'உப்பு...' என்றார்.
என் காதுக்குள் கொதித்தது.
எல்லாத் தலையும் அண்ணி பக்கம் திரும்பியது,
பத்தொன்பது வருஷப் பழக்கம்,
அவர் சொன்னால் சரி.

அண்ணி தூங்கிப்போயிருந்தார்.
மடியில் தட்டு, தட்டில் பாதிச் சோறு,
எலும்பொன்றைப் பிடித்தபடி விரல்கள்.
வாய் லேசாய்த் திறந்து, குறட்டை என்று சொல்ல முடியாத ஒரு சத்தம்.
அவர் தூங்கி
அவர் புருஷன்கூடப் பார்த்ததில்லையாம்.
அடித்தொண்டையில் சொன்னார், வெட்கத்தோடு.

யாரோ ஸ்பீக்கரை அணைத்தார்கள்.
மாமா மீதி வார்த்தையை
சோற்றோடு விழுங்கினார்.
கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் ஒன்று
ஊரையே இழுப்பதுபோல் போனது.
அண்ணி அசையவில்லை.
இருபத்தாறு பேரும்
எலும்பைக்கூட மெதுவாய்க் கடித்தோம்.

மறுநாள் தட்டு எண்ணினேன். இருபத்தொன்பது.
மத்தியானம் அண்ணி கூப்பிட்டார்.
'பார்சல் குண்டான் மேல மூடினு வந்துட்டேன் போலக்குது,
உன் தட்டு ஒண்ணு இங்க கீது.'
'இருக்கட்டும் அண்ணி.'
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.
உப்பைப் பற்றி அவர் சொல்லவில்லை,
நான் கேட்கவில்லை.

கடைக்காரரிடம் நூற்றியிருபது கொடுத்தேன்.
கட்டில் கால்
தச்சரிடம் இருக்கிறது,
நாளைக்கு என்கிறார், தினமும்.